இரண்டு ‘ஈரக் கைகள்’

மார்ச் 4, புதன்

தம்பி எடுத்த முதல் படம் வெள்ளிக்கிழமை நான் டிக்கெட் கிழிக்கிற தியேட்டரிலேயே வருகிறது. பெயர் ‘ஈரக் கைகள்’. ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள். முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பிறகாவது பேசுவாளா என்று கேட்டேன். “அக்கா, மௌனம்தான் வசனம்” என்றான். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வசனமும் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

மானேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிறு வரை பார்ப்பாராம். நாற்காலி காலியாகக் கிடந்தால் திங்களே படத்தைத் தூக்கிவிடுவாராம். தூக்கினால் தம்பியை நம்பி இன்னொரு படம் கொடுக்க எவன் வருவான்? இதற்காகக் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவன். பெண் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மார்ச் 6, வெள்ளி

முதல் காட்சிக்கு வந்தவர்கள்: நான் இழுத்து வந்த என் வீட்டுக்காரர், வெயிலுக்கு ஒதுங்கிய தபால்காரர், தம்பி. வீட்டுக்காரர் குறட்டை விட்டார். அதுதான் பின்னணி இசை என்று நினைத்தாராம் தபால்காரர். தம்பி சிரிக்கவில்லை.

ராத்திரி எட்டரைக்கு வழக்கமான டிவி தொடர். அதில் தினமும் ஒரு தலைப்புப் போடுவார்கள். இன்றைய தலைப்பைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது — ‘ஈரக் கைகள்’. மருமகள் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடப் போகிறாள், மாமியார் கதவோரம் நின்று சிரிக்கிறாள், அதோடு நிறுத்திவிட்டார்கள். மீதி திங்கள்கிழமை. அதுவரை அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும், பாவம்.

மார்ச் 7, சனி

தியேட்டர் வாசலில் கூட்டம். தொடரின் மீதிக் கதையை இங்கே போட்டிருக்கிறார்கள் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. இது ‘ஈரக் கைகள்’தானே என்று சலவைக்கடைக்காரம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யா? மருமகள் பிழைப்பாளா என்றாள். உள்ளே போய்ப் பாருங்கள் என்றேன். இது… கொஞ்சம் பொய்தான்.

உள்ளே மாமியார் வருவாள், வருவாள் என்று காத்திருந்தார்கள். படத்துப் பெண் குழாயைத் திறக்கும்போதெல்லாம் சுவிட்சுப் பக்கம் போகாதே என்று கத்தினார்கள். தம்பியின் மௌனத்துக்கு ஊரே கூடி வசனம் எழுதிக் கொடுத்தது.

அவன் முகம் கறுத்து வெளியே வந்தான்.

“அக்கா, அவங்க என் படத்தப் பாக்க வரல.”

“வந்தவங்க பாக்குறது உன் படத்தத்தானே? எழுந்து போகச் சொல்லவா?”

கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். போகச் சொல் என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நாற்காலி நிறைந்தது. ஆனால் நேற்று ஏமாந்தவர்கள் சும்மா விடுவார்களா? சலவைக்கடைக்காரம்மா மறுபடி வந்து நின்றாள், கூடவே அவள் நாத்தனார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தொடர் வேறு, இது வேறு என்று இழுத்தேன்.

“அது நேத்தே தெரிஞ்சுபோச்சு” என்றாள். “அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசாம சட்டிய டங்குன்னு வைக்கிறா பாருங்க, இவளும் எங்க வீட்டுல அப்படித்தான். வந்து பாக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.”

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பியிடம் சொன்னேன். ‘டங்கு’ என்றா சொன்னார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

மார்ச் 9, திங்கள்

படத்தைத் தூக்கவில்லை. தொடரில் மருமகளும் பிழைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிருந்ததாம்.

மார்ச் 20, வெள்ளி

தொடர் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்துத் தம்பியைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பார்த்தால், நம் படத்தைப் பார்த்த பிறகு அவர் வீட்டுப் பெண்களுக்கே தொடரில் இரைச்சல் தாங்கவில்லையாம். இனி அந்தத் தொடரைத் தம்பி எடுத்துத் தருவானா என்று கேட்க வந்திருக்கிறார். தொடரெல்லாம் கலையே இல்லை என்று பேசித் திரிந்தவன், அவர் கேட்டு முடிக்கும் முன்பே திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றான்.

ஏப்ரல் 20, திங்கள்

தொடரில் தம்பி எடுத்த பகுதி இன்று ஆரம்பம். மாமியார் மருமகளைப் பார்க்கிறாள். மருமகள் மாமியாரைப் பார்க்கிறாள். பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரர் எழுந்துபோய் டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“சும்மா உக்காருங்க” என்றேன். “அது ரிப்பேர் இல்ல, என் தம்பி.”