ஆதரவுக் கடிதம் கேட்ட தம்பிக்கு

மோர்னிங்சைட், ரொறன்ரோ
13.11.2025

அன்புள்ள தம்பி வினோதன்,

சிட்னியில் நீயும் மனைவி பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எனக்கு முழங்கால் வலிதான் குளிரோடு கூடிவிட்டது.

உன் ஈமெயிலை மூன்று தரம் வாசித்தேன். இங்கே அகதிகளை அடைத்துவைக்கப் புதிதாகக் கட்டும் தடுப்பு முகாமை நடத்தும் ஒப்பந்தத்துக்கு உன் கொம்பனி விலை குறித்து ரெண்டர் போடுகிறதாம். "சமூக ஆதரவுக்குப் பத்துப் புள்ளி அக்கா, உங்கட பெண்கள் சங்கத்தின்ர பேரில சைன் வைச்சால் போதும்" என்கிறாய். கடிதத்தையும் நீயே எழுதி அனுப்பியிருக்கிறாய்.

யாரிடம் கேட்கிறாய் என்று யோசித்தாயா? உன் அத்தான், என் மனுசன், அகதியாக வந்திறங்கி, இதே ஊரில், ஒரு கொம்பனி நடத்திய முகாமில்தான் மூச்சுத்திணறிச் செத்தார். சனி, ஞாயிறில் நேர்ஸ் இல்லை, ஒப்பந்தம் அப்படித்தான் என்று காவலாளி விசாரணையில் சொன்னதை, அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்த நீதான் பக்கத்திலிருந்து எனக்குத் தமிழில் சொன்னாய். சொல்லும்போது அழுதாய். அடுத்த வருடமும் ஒப்பந்தத்தை அதே கொம்பனிக்கே கொடுத்தார்கள். விலை குறைவாம்.

போன வியாழக்கிழமை உன் கொம்பனி ஆட்கள் இங்கே கூட்டம் வைத்தார்கள். அரசாங்கம் புள்ளி போடும் விதத்தைத் திரையில் காட்டினார்கள். குறைந்த விலைக்கு அறுபது. வைத்தியத்துக்கு ஐந்து! கட்டில் காலியாகக் கிடந்தாலும் அரசாங்கம் காசு கட்டுமாம். நான் எழும்பி, "சனி, ஞாயிறில நேர்ஸ் நிப்பாவோ?" என்று கேட்டேன். கூப்பிட்டால் வருவார் என்று அவர்களில் ஒரு பெண் சிரித்தபடி சொன்னாள். பின்னாலிருந்த எங்கள் சங்கத்துப் பேபி அன்ரி, "உவையள் சாகிறவனையும் வெயிட் பண்ணச் சொல்லுவினம்" என்றா.

நான் சைன் வைக்கவில்லை. உன் ஈமெயிலையும், நீ எழுதிய கடிதத்தையும், அத்தானின் விசாரணை அறிக்கையையும் ரெண்டரைப் பரிசீலிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். உன் கொம்பனி கொடுத்த மற்ற ஆதரவுக் கடிதங்களையும் விசாரிக்கப் போவதாக நேற்றுப் பதில் வந்தது.

உன் வேலை போகலாம். தெரிந்துதான் செய்தேன். வேறு ஆள் சொல்லி நீ அறியக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

வேலையால் நிறுத்தினால் குடும்பத்தோடு இங்கே வா. நீங்கள் தங்க வீட்டின் கீழ்த்தளத்தை, பேஸ்மென்ற்றை, துப்புரவாக்கிவிட்டேன். வராவிட்டாலும் ஒருமுறை போன் எடு. என்னைத் திட்டுவதற்கென்றாலும் எடு, தம்பி.

மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அக்கா
ஜோசப்பின்