நீலக் கோட்டுக்கு உள்ளே

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன். என் இதழியல் மாணவர்கள் பழைய நில அளவை வரைபடத்தைக் கணினியில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி, ஏரி சுருங்கியதைப் பற்றிச் செய்தி எழுதுகிறார்கள். எதையும் மறுபடி சரிபார்க்கச் சொல்வதால் எனக்கு ‘எதற்கும் சார்’ என்று பெயர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது உங்கள் பக்கத்து ஏரி. பழைய கரை நீலக் கோடு. உன் வீடு அதற்கு உள்ளே வருகிறது. ரயில் பாலத்தையும் மதகையும் வைத்துத் திரும்பத் திரும்பப் பொருத்தினேன். தவறு என்னுடையதாக இருந்தால் தேவலை. மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதா?

அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

வருகிறது. போன மழையில் கட்டில் வரை வந்தது. சொன்னால் தூங்கமாட்டீர்கள் என்று சொல்லவில்லை. வீட்டை விற்கப் போகிறோம். இப்போது செய்தி வந்தால் யார் வாங்குவார்கள்? அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புகிற ஆள் நீங்கள். “உங்கப்பா சந்தேகப்படாதது ஏதாவது இருக்கா? இதையும் கொஞ்சம் சந்தேகப்படச் சொல்லேன்” என்கிறார் இவர். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

உங்கள் மகள்

மார்ச் 16

அன்பு மகளுக்கு,

வரைபடம் பழையது, எதற்கும் நிறுத்திவைப்போம் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். “நீங்கதானே சார் அத்தனை தடவை பொருத்திப் பார்த்தீங்க?” என்றாள் ஒரு மாணவி. கணினியை அணைத்தேன். செய்தி வராது. வாங்குகிறவர்களிடம் நீயாவது சொல்லிவிடம்மா.

அப்பா

மார்ச் 24

அப்பா,

நன்றி. ரயில் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் வாங்குகிறார், ஊருக்குப் புதியவர். திங்கட்கிழமை பத்திரப் பதிவு. கீழ் அறையில் கைக்குழந்தையைப் படுக்க வைப்பார்களாம். சுவரில் கறை தெரியாமல் பெயின்ட் அடித்துவிட்டோம். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

மகள்

மார்ச் 28

அன்பு மகளுக்கு,

எழுதாதே என்றாய், இந்த ஒரு முறை பொறுத்துக்கொள். நேற்று மருந்துக்கடைக்குப் போய் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். “நீங்க யாரு பெரியவரே? உங்களுக்கு எதுக்கு இந்தக் கவலை?” என்றார். “விக்கிறவங்களோட அப்பா” என்றேன். உட்கார நாற்காலி போட்டார்.

மாணவர்களிடமும், வரைபடம் சரி, செய்தியைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இரவு மாப்பிள்ளை போன் செய்தார். இனி வீட்டுப் படி ஏறக் கூடாது என்றார். நீ ஏதாவது சொல்வாய் என்று காதை நன்றாக வைத்துக் கேட்டேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். உன் குழந்தையிடம், “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று சொல்லிக்கொண்டிருந்தாய்.

அப்பா