கண்ணாடியில் அசையாத புள்ளி

இன்று காலை காரின் முன்கண்ணாடி பனியில் மங்கிக் கிடந்தது. துணி தேடிப் பின்பெட்டியைத் திறந்தேன். உன் பழைய வேட்டியின் கிழிசல் ஒன்று கையில் வந்தது. சவர்க்கார வாசனை இன்னும் போகவில்லை. அதனால் துடைக்க மனம் வராமல், சட்டைக் கையால் துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

போன குளிர்காலத்தில் உன் இதயம் நின்றுபோனது. நீ கணக்குப் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் மௌன அஞ்சலி செலுத்தினார்களாம். நீ விமானம் ஓட்டிய பறப்புக் கழகத்தில் என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்னுக்கு வந்த நம்மவர்கள் எல்லாரும் வீடு வாங்க அலைந்தபோது, நீ விமானம் ஓட்டப் பழகினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து எங்கள் குடும்பங்களை முறை வைத்து ஏற்றிச் செல்வாய். ஏறுமுன் ஒரு வாளி தண்ணீரும் வேட்டித் துண்டுமாகக் கண்ணாடி முழுவதையும் துடைப்பாய். கழகத்திலேயே பெரிய சவடால்காரனான அந்தச் செம்பட்டைத் தலையன், "ஜன்னல் துடைக்கிறவர் வந்துவிட்டார்!" என்று கத்துவான். நீ துணியைப் பிழிந்தபடியே, "உங்களுடையதையும் துடைத்துத் தரட்டுமா? உங்களுக்குத்தான் தேவை" என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. படித்த படிப்பை ஒருவரும் மதிக்காத அலுவலகத்தில் வாரம் முழுவதும் அந்தச் சிரிப்பைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன்னோடு வருகிறவனுக்கு வேலை உண்டு. "ஊர்க்கதை கீழ இறங்கிக் கதைப்பம். இப்ப வெளியில பார். பறவை எண்டாலும் சொல்லு" என்பாய்.

அன்றும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். விரிகுடாவுக்கு மேலாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். முன்கண்ணாடியின் நடுவில் ஒரு கரும்புள்ளி.

"நீ துடைச்ச வடிவு, மச்சான்! உதில ஒரு இலையான் ஒட்டிக் கிடக்கு."

நீ சிரிக்கவில்லை. தலையை மட்டும் இடமும் வலமுமாக அசைத்துப் பார்த்தாய். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்றால், தலை அசைய அசைய அது தூரத்துக் குன்றை விட்டு விலகித் தெரியவேண்டும். இது குன்றின் உச்சியிலேயே நின்றது.

"இலையான் இல்லையடா. பிளேன்!"

சொல்லும்போதே விமானத்தை வலப்பக்கம் சரித்துவிட்டாய். புள்ளிக்குச் சிறகு முளைத்தது. அடுத்த மூச்சில் ஒரு விமானம் எங்கள் இடப்பக்கம் பாய்ந்து போனது. அதை ஓட்டியவனின் செம்பட்டைத் தலை எனக்குத் தெரிந்தது. மடியிலிருந்த வரைபடத்தில் கவிழ்ந்திருந்த தலை. நிமிரவேயில்லை.

"ஓடித் திரியிற புள்ளி எங்களை விட்டிட்டுப் போயிடும். அசையாமல் நிண்டு பெருக்கிறதுதான் எங்களிட்டை வாறது" என்றாய். உன் குரல் நடுங்கவில்லை.

இறங்கியதும் நடந்ததை நீ எழுதிக் கொடுத்தாய். கழகத்தில் விசாரணை வைத்தார்கள். அவன், "ஆரம்பத்திலிருந்தே கண்டுகொண்டுதான் வந்தேன். இவர்தான் பயந்துபோய் இடப்பக்கம் திரும்பினார்" என்றான். என் சாட்சியைக் கேட்டார்கள், நண்பன்தானே என்று ஒதுக்கினார்கள். மறுபடி சோதனைப் பறப்பில் தேறும்வரை நீ யாரையும் ஏற்றக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். நீ தலையாட்டிவிட்டு வெளியே வந்தாய்.

காரில் நான் வெடித்தேன். "இடப்பக்கமாம்! நீ திருப்பினது வலப்பக்கம். காணாதவன்தான் அப்பிடிச் சொல்லுவான். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பான். ஏனடா கேக்கேல்லை?"

"கேட்டு வெண்டிருந்தால்?"

"அவன்ரை மானம் போயிருக்கும்!"

"வாற ஞாயிறும் அவன் பறப்பான், மச்சான். நாங்கள் பறக்கிற வானத்திலதான் பறப்பான். மானம் போனவன் நாங்கள் சொல்லி வெளியில பாப்பானோ?"

கோழைத்தனம் என்று நான் உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டு, "போட்டு வாறன்" என்று போய்விட்டாய். சோதனையில் ஒரே தடவையில் தேறினாய். அடுத்த மாதமே எங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேலே போனாய்.

உன் இறுதிச் சடங்குக்கு அவன் வந்திருந்தான். நேரே என்னிடம் வந்து, "அன்றைக்கு நான் உங்களைக் காணவேயில்லை" என்றான். "தெரியும்" என்றேன். கை நீட்டினான். நான் நீட்டவில்லை. அதன் பிறகும் போகாமல் நின்று மற்றதைச் சொன்னான். விசாரணை முடிந்த அன்றே, என்னை இறக்கிவிட்ட பிறகு, நீ அவன் வீட்டுக்குப் போயிருக்கிறாய். சமையலறை ஜன்னலில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, வேலிக்கு அப்பாலிருந்த மரத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். அவன் மனைவியும் கூட நின்று தலையை ஆட்டிப் பார்த்தாளாம். பிறகு மூன்று பேரும் தேநீர் குடித்தீர்களாம். கழகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது அவன்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறானாம்.

இத்தனை காலம் பழகியும் என்னிடம் நீ இதைச் சொல்லவில்லை. தடுப்பேன் என்று உனக்குத் தெரியும். தடுத்துத்தான் இருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உன்மேல் இருக்கிறது. அவனையும் நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு விமானம் ஏதாவது எங்கள் வீட்டுக்கு மேலாகப் போனால், மனைவியைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

"உதுக்குள்ள இருக்கிறவன் இப்ப வெளியில பாத்துக்கொண்டு போறான் எண்டால், அது என்ரை சிநேகிதன்ரை வேலை."