சாய்வு மாறிய தையல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒன்பது பைகள் பார்த்தேன். எட்டு நிஜம், ஒன்று போலி. வரும் வழியில் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் பையை உற்றுப் பார்த்திருக்கிறேன் போல. அவள் அதை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழைய டிசைனர் கைப்பைகளை விற்கும் கடையில், நிஜமா போலியா என்று சொல்லிப் பதின்மூன்று வருடமாகப் பிழைப்பவளுக்கு இந்தப் புத்தி போகாது.

அந்தப் போலியை ஒரு நர்ஸ் கொண்டுவந்தாள். ஒரு வீட்டில் தங்கி வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த அம்மாவின் மகள் விற்றுவரச் சொல்லி அனுப்பினாளாம். தோல் அருமை. மணம் சரி. விளிம்பில் பூசிய சாயம் விரலில் எங்குமே மேடாகத் தட்டவில்லை. ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் கைப்பிடித் தையல்! அந்தப் பையைச் செய்யும் கம்பெனியின் கைத்தையல் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். இதில் வரி முழுக்க எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்வு மாறினால் போலி என்று என் மேஜைக்கு மேலே நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

போலி என்று தெரிந்தால், வேறு கடையில் கொண்டுபோய் விற்காமல் இருக்க, உள்துணியில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். அதற்குச் சம்மதக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிடுவோம்.

"மேடம், இன்னொரு தடவை பாருங்களேன்," என்றாள் நர்ஸ்.

"பாத்தாச்சும்மா," என்று சொல்லி வெட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

ஏதோ உறுத்துகிறது. கத்தரி இறங்கும்போது கை ஒரு கணம் தயங்கியது உண்மை.

மார்ச் 10, திங்கள்

போலீஸ் வந்தது.

அந்த வீட்டு மகள் புகார் கொடுத்திருக்கிறாள். பை கம்பெனிக் கடையிலேயே வாங்கியதாம், பில் இருக்கிறதாம். நர்ஸ் வழியில் நிஜத்தை எடுத்துக்கொண்டு போலியை மாற்றிவைத்துவிட்டாள் என்கிறாள். இன்ஸ்பெக்டர் என்னிடம், "போலிதான்னு உறுதியா சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா, "இவங்க சொன்னா சொன்னதுதான் சார்," என்றார். வழக்கமாக அதைக் கேட்டால் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். இன்று தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அவள்தான் மாற்றியிருப்பாள் என்று நம்பப் பார்க்கிறேன். ஆனால் மாற்றியவள் இன்னொரு தடவை பாருங்கள் என்று ஏன் கேட்க வேண்டும்?

மார்ச் 12, புதன்

கடைக்குப் பழுதுபார்த்துக் கொடுப்பவரை வாரண்ணன் என்போம். பை வாரெல்லாம் மாற்றித் தருவதால் வந்த பெயர். அவர் கொண்டுவந்த பையில் புதுக் கைப்பிடியைப் பார்த்தேன். சாய்வு மாறியிருந்தது.

"என்னண்ணே, தூங்கிக்கிட்டே தைச்சீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

"நான் எங்கம்மா தைச்சேன்? எனக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. எங்க வீட்டம்மாதான் தைச்சா. அவளுக்கு இடதுகைப் பழக்கம். குத்தூசியை அந்தக் கையாலதான் பிடிப்பா, தையலும் அந்தப் பக்கம் சாயும். ஏன், பிடிமானம் கம்மியா இருக்கா?"

இல்லை. அவர் தையலைவிடப் பிடிமானமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். அவ்வளவு பெரிய கம்பெனியில் ஒரு இடதுகைக்காரர்கூடவா இருக்க மாட்டார்? பதின்மூன்று வருடமாக இது என் மண்டையில் ஏறவே இல்லையே!

மார்ச் 13, வியாழன்

முதலாளியம்மாவிடம் சொன்னேன். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இது வெறும் உன் சந்தேகம்தானே? இன்னைக்கு இந்தப் பை தப்புன்னு சொல்லு, நாளைக்கு நீ பாத்த ஒவ்வொரு பையையும் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அவரும் பயந்துபோயிருந்தார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மார்ச் 14, வெள்ளி

பயமாக இருக்கிறது. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி

எப்போதும் காய்கறிப் பையை நீட்டி, "இது ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லு," என்று வம்பிழுக்கும் என் வீட்டுக்காரர், இன்று நான் சொன்னதை எல்லாம் சிரிக்காமல் கேட்டார்.

"நீ சொல்லலைன்னா அந்தப் பொண்ணு என்ன ஆவா?"

"உள்ள போடுவாங்க."

"சொன்னா நீ என்ன ஆவ?"

"வேலை போயிடும். எவனும் அப்புறம் என்னை நம்ப மாட்டான்."

"அப்புறம் என்ன யோசனை?"

இவருக்கு என்ன, சுலபமாகக் கேட்டுவிட்டார். வெட்டினது இவரா? எனக்கு இதைத் தவிர என்ன தெரியும்? வேற எந்தக் கடையில போய் நிப்பேன்? ஐயோ, பயமா இருக்கு, ரொம்ப பயமா இருக்கு.

மார்ச் 17, திங்கள்

போனேன். ஸ்டேஷன் வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாவது முறை உள்ளே போனேன்.

நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தினமும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்களாம். என்னைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்து நின்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"போன வாரம் உறுதின்னு சொன்னீங்களே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உறுதின்னு நினைச்சேன் சார்."

தண்ணீர் வாங்கிக் குடித்தேன். என் முடிவு தப்பாக இருக்கலாம், பையைச் செய்த கம்பெனிக்கே அனுப்பிக் கேளுங்கள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். எழுத்து குழந்தை எழுதினது மாதிரி கோணலாக இருந்தது. பிறகு கடைக்குப் போய் முதலாளியம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. பை நிஜம். அதைத் தைத்தவர் இடதுகைக்காரர். புகாரைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் நர்ஸைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க," என்றாள். வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

நேற்று முதலாளியம்மா வீட்டுக்கே வந்தார். நான் போலி என்று வெட்டிய பைகளின் படங்கள், கொண்டுவந்தவர்களின் கையெழுத்துப் படிவங்கள், எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எடுத்துவந்திருந்தார். "எனக்கும் மனசு கேக்கலை. நீயே பாரு," என்றார். காபிகூடக் குடிக்கவில்லை.

காலையிலிருந்து ஒவ்வொரு படமாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை அப்பட்டமான போலிகள். தோலே இல்லை, ரெக்சின். நர்ஸ் கொண்டுவந்ததைத் தவிர, சாய்வை மட்டுமே வைத்து நான் வெட்டியவை மூன்று. படிவங்களில் போன் நம்பர் இருந்தது.

முதல் நம்பருக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். "உங்க பையை வெட்டினது நான்தான். அது நிஜமாவே இருந்திருக்கலாம், நான் தப்பாப் பாத்திருக்கலாம்," என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

ஆனால் அவர் கேட்டார்:

"அது என் தங்கச்சி குடுத்ததுங்க. போலியைக் குடுத்து ஏமாத்திட்டான்னு நாலு வருஷமா நான் அவகூடப் பேசறதே இல்ல. இப்ப அவகிட்ட போய் நான் என்னன்னு சொல்வேன்?"

இன்னும் இரண்டு நம்பர்கள் இருக்கின்றன.