ஆறாவது கொழுக்கி

பார்க்டேல்,
ரொறன்ரோ.
14.11.1987

என்றும் அன்பு மாறாத கோணேஸ்வரி அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தங்கை தவமலர் எழுதிக்கொள்வது. நானும் இவரும் இங்கே சுகம். நீங்கள் இருவரும் என் மகள் கிருபாவும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று மாமாங்கப் பிள்ளையாரை நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் கடைசியாக வைகாசியில் கிடைத்தது. அதற்குப் பிறகு நான் மூன்று கடிதம் போட்டுவிட்டேன். இது நாலாவது. ஊர் இருக்கும் நிலையில் தபாற்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருக்கும் ஒரு மாமிக்குப் போன கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கேட்டதும் எனக்கு ஒரு யோசனை. கோபமில்லை அக்கா, யோசனைதான்.

இவருக்கு அதே ஹோட்டலில் சட்டி கழுவும் வேலைதான். ஊரில் தான் குடித்த தேத்தண்ணிக் கப்பைக்கூடத் தூக்கி வைக்காத மனிதர், இங்கே ஒரு கலியாண வீட்டுச் சட்டிகளை ஒவ்வொரு நாளும் கழுவுகிறார். கை உரிந்து போகிறது. நல்லெண்ணெய் பூசிவிடுகிறேன். பனி இந்த வருடம் முந்திக்கொண்டு கொட்டத் தொடங்கிவிட்டது.

என் வேலையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது தங்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் ஐந்து பேர். நாலாம் மாடி எமில்டாவின் மகள் அன்ரனெற், ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் இரட்டையர், போர்த்துக்கீசப் பிள்ளைகள் இரண்டு பேர். போர்த்துக்கீசப் பிள்ளைகள் இரண்டும் இப்போது புட்டு வேண்டும் என்று தமிழில் கேட்டு அழுகின்றன. அவர்களின் தாய் இதை அறிந்தால் என்ன சொல்வாளோ தெரியாது.

இதுவரை நான் பார்த்தது சும்மா அறிமுகத்தில் கிடைத்த வேலை. ஒரு கடதாசியும் கிடையாது. கிருபாவைக் கூப்பிடும் விண்ணப்பத்தைப் பார்க்கும் வக்கீல், உங்களுக்கு நிலையான வேலை என்று ஒரு கடிதம் இருந்தால் நல்லது என்று சொன்னார். அதற்காகத்தான் பிள்ளை பராமரிப்பு ஏஜென்சி ஒன்றில் பதிந்தேன். அவர்கள் வந்து வீட்டைப் பார்த்துச் சரி என்று எழுதினால் அந்தக் கடிதம் கிடைக்கும். சரியில்லை என்று எழுதினால் கடிதமும் இல்லை, இருக்கிற பிள்ளைகளும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பரிசோதனை நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

எமில்டா ஒரு கிழமையாக எனக்குப் பாடம் எடுத்தாள். மன்னாரில் ரீச்சராக இருந்தவள், விடுவாளா? மருந்துப் போத்தல்களை மேல் தட்டுக்கு ஏற்றினோம். கத்திகளைப் பூட்டினோம். கரண்ட் ஓட்டைகளை மூடினோம். பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கையும் எடுத்து ஒளித்தோம். பிள்ளைகள் தங்கள் குளிர்க் கோட்டைத் தாங்களே கழற்றிக் கொழுவ வேண்டுமாம், அதற்காக வாசல் சுவரில் அவரவர் உயரத்துக்கு இவர் கொழுக்கி அடித்துத் தந்தார். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது சட்டம். எத்தனை என்று கேட்டால் ஃபைவ் என்று சொல்லு, வேறொன்றும் கதையாதே என்று எமில்டா தலையில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தவளின் பெயர் றோஸ்மேரி. நல்ல உயரம், நரைத்த தலை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினாள், அதில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பிறகு பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து எங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். குழம்புக்குக் காய்ச்சல் பார்க்கிறாள் போல என்று சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். குளியலறைத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள். யன்னல்களை ஆட்டிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு தாளில் சரி போட்டுக்கொண்டே வந்தாள்.

பிறகு குசினி மேசையில் இருந்து கேள்விகள் கேட்டாள். ஒரு பிள்ளைக்குத் திடீரென்று அம்மாள் வருத்தம் கொப்புளித்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். எமில்டா சொல்லித்தந்த கேள்விதான். பிள்ளையைத் தனியாக வைப்பேன், தாயைக் கூப்பிடுவேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை அக்கா. கிருபாவின் நெற்றியில் முதல் கொப்புளம் வந்த நாள்தான் கண்ணுக்குள் நின்றது. பிளேனில் ஏற்ற மாட்டார்கள், இருவரும் போங்கள், இரண்டு மாதத்தில் பிள்ளையைக் கூப்பிடலாம் என்று எங்களை இங்கே அனுப்பிய ஏஜென்ற் சொன்னதும், நீங்கள் அவளை வேப்பிலையோடு மடியில் வைத்துக்கொண்டு, போ மனே, நான் பார்த்துக்கொள்றன் என்று என்னை அனுப்பியதும் நினைவு வந்தது. தனியாக வைப்பேன் என்று மட்டும் சொன்னேன். மற்றப் பாதியை அவளே எழுதிக்கொண்டாள்.

அந்தத் தடுமாற்றத்தோடு இருக்கும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது. இந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள்?

ஃபைவ் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். பெற்றவள் ஒருத்தி பிள்ளைகளை எண்ணும்போது தன் பிள்ளையை விட்டுவிட்டு எண்ணலாமா? அங்கே வெடிச் சத்தத்துக்குள் இருக்கிறவளை நானே என் வாயால் இல்லை என்று சொல்வதா? சிக்ஸ் என்று சொல்லிவிட்டேன்.

அவளுடைய பேனை நின்றது. இந்தக் கட்டடத்தில் தமிழ்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ முன்பே அறிவித்திருந்தார்களாம். எழுந்து போய் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணினாள். ஐந்து. தட்டில் கவிழ்த்து வைத்திருந்த கப்களை எண்ணினாள். ஆறு. வாசலுக்குப் போய்க் கொழுக்கிகளை எண்ணினாள். அங்கும் ஆறு. ஐந்தில் கோட் தொங்குகிறது, ஆறாவது சும்மா இருக்கிறது. ஆறாவது பிள்ளையை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த நாலு இங்கிலிஷ் சொல்லும் அந்த நேரம் பார்த்து ஓடிப்போய்விட்டன. அவள் படுக்கை அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள். பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

உள்ளே கிருபாவின் சிவப்புக் கோட் இருந்தது. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் வாங்கியது. இரண்டு மாதத்தில் வந்துவிடுவாள், வந்து இறங்கும்போது குளிரக் கூடாது என்று வாங்கினேன். விலைத்துண்டுகூட வெட்டவில்லை. அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மை டோட்டர், என்றேன். மை கன்றி, என்றேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அன்ரனெற் ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அதைப் பார்த்து இரட்டையரும் தொடங்கிவிட்டார்கள். பரிசோதனை நாளில் என் வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

றோஸ்மேரி என்னைக் கட்டிலில் இருத்திவிட்டுத் தானும் பக்கத்தில் இருந்தாள். மகளுக்கு என்ன வயது என்று மெல்லக் கேட்டாள். நாலு என்றேன். எந்த வருடம் பிறந்தாள் என்று கேட்டாள். எண்பது, பங்குனி என்றேன். கோட்டின் கழுத்தில் இருந்த அளவுத் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, அப்படியென்றால் அவளுக்கு இப்போது ஏழு, இந்தக் கோட் நாலு வயதுப் பிள்ளைக்கு, இது அவளுக்கு ஏறாது என்றாள்.

தெரியாதா எனக்கு? ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வாழ்த்து அனுப்பியவள் நான்தானே. இரண்டாம் வகுப்பில் கெட்டிக்காரி என்று நீங்கள் எழுதியதை எத்தனை தரம் வாசித்திருப்பேன். ஆனாலும் அக்கா, என் மனதுக்குள் அவள் உங்கள் மடியில் வேப்பிலையோடு படுத்திருக்கிற அதே பிள்ளைதான். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரி வந்து சொல்ல வேண்டியிருந்தது, உன் பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று.

அவள் மறுபடியும் தாளை எடுத்தாள். சொந்தப் பிள்ளைகள் என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் ஒன்று என்று எழுதினாள். பக்கத்தில் இரண்டு மூன்று சொல் எழுதினாள். போகும்போது எனக்கு ஒரு பிரதி தந்தாள். பின்னேரம் எமில்டா வந்ததும் அதைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னேன். ஒன்று, இன்னும் வந்து சேரவில்லை என்று எழுதியிருக்கிறாள். ஐந்து என்று சொல்லச் சொன்னேனே என்று என்னை ஏசத் தொடங்கிய எமில்டா அந்த இடத்தில் ஏச்சை நிறுத்திவிட்டாள்.

வீடு சரி என்றும் எழுதியிருக்கிறாள். இரண்டு கிழமையில் வேலைக் கடிதம் வரும். கிருபா வந்தால் அவளும் ஐந்தில் ஒருத்தியாகக் கணக்கு, அன்றைக்கு ஒரு பிள்ளையை நிறுத்த வேண்டிவரும் என்று றோஸ்மேரி சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த நாள் வரட்டும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் தனியே இருந்து வாசியுங்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்குத் தாய்மார் வந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப்போவார்கள். எமில்டாவைக் கண்டதும் அன்ரனெற் என் கையை உதறிவிட்டு ஓடுவாள், திரும்பியும் பார்க்க மாட்டாள். கதவைச் சாத்திவிட்டு நிற்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். நான் பார்ப்பது பத்து மணித்தியாலம்தான். நீங்கள் மூன்று வருடம் பார்த்திருக்கிறீர்கள். பெரியம்மா என்று கூப்பிட்டவள் இப்போது அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று வைகாசிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்றே எழுதுகிறேன், உங்களிடம் மறைத்து என்ன? ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் பதில் எழுத மனம் வந்திருக்காது அக்கா.

விண்ணப்பத்துக்கு வேண்டிய கிருபாவின் பிறப்புச் சான்றிதழை மூன்று கடிதத்திலும் கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. உங்கள் அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே அது பத்திரமாக இருக்கும் என்று தெரியும்.

இப்போது கேட்பது சின்ன விஷயம். நேற்று இவர் சுத்தியலோடு வந்து, ஆறாவது கொழுக்கியைப் பிடுங்கி மேலே அடிக்கிறேன், எவ்வளவு உயரத்தில் என்று கேட்டார். நான் இடுப்பைக் காட்டினேன். பிறகு நெஞ்சைக் காட்டினேன். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை அக்கா. உங்களுக்குத்தான் தெரியும்.

அவளைச் சுவரோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, உச்சியிலிருந்து குதிக்கால் வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து வெட்டி அனுப்புங்கள். மடித்து ஒட்டும் நீல விமானக் கடிதத்துக்குள் ஒன்றும் வைக்க விட மாட்டார்கள், உறையில் போட்டு அனுப்புங்கள். உறையில் வேறேதும் வைக்க உங்களுக்கு மனம் வந்தால் அதற்கும் இடம் இருக்கும். நூல் வரும் வரைக்கும் சுத்தியல் வாசலடியிலேயே கிடக்கட்டும் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏன் அளக்கிறீர்கள் என்று அவள் கேட்பாள். அம்மா கேட்டாள் என்று சொல்லுங்கள். எந்த அம்மா என்று கேட்டால், கோபிக்காமல் என் படத்தை எடுத்துக் காட்டுங்கள்.

என் பிள்ளையை வளர்த்த உங்கள் கைகளுக்கு ஒரு நோவும் வராமல் பிள்ளையார் காக்கட்டும்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கை,
தவமலர் அன்புராசா