பட்டியலில் இல்லாத பெயர்கள்

என் பிரியமுள்ள எத்திராஜ்,

உன்னிடம் தோற்றுப்போய் எழுதுகிறேன். சிரிக்காதே. தோற்றேன் என்று சொல்ல வருகிற நேரத்தில் ஆளே இல்லாமல் போனாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான்; இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஆவடித் தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்தவன் நான். அவற்றைக் கடைந்தவன் என் மனைவியின் தம்பியான நீ. ஓய்வுபெற்ற பிறகு, எந்த வகுப்புக்கும் போகாமல், நாமாகவே ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி கற்று, மற்றவர்களும் தங்கள் நிரலில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு சின்ன லைப்ரரி எழுதினோம். வலைப்பக்கத்தில் ஒரு சொல்லுக்கு என்ன நிறம், எவ்வளவு இடைவெளி என்கிற சிஎஸ்எஸ் குறிப்புகளை ஒரே வரியாகவும் எழுதலாம்; பெயர், மதிப்பு எனத் தனித்தனி இணைகளாகவும் வைக்கலாம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை.

முகப்பேர் அடுக்ககத்து மென்பொருள் பொறியாளர் ஒருவர், "அங்கிள், இது பத்து வரி மேட்டரு" என்றார். பத்து வரிதான். அதற்குள் நாம் போட்ட சண்டை அவருக்கு எங்கே தெரியும்?

எனக்குத் தெரிந்த சிஎஸ்எஸ் பெயர்களையெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அதில் இல்லாத பெயர் வந்தால் என் நிரல் சத்தமில்லாமல் தூக்கி எறியும். வரைபடத்தில் இல்லாத பாகம் கழிவுப் பெட்டிக்குத்தானே போகும்? ஆயுள் முழுக்கக் கை அப்படித்தான் பழகியது.

"மாமா, இது இன்னா ஃபேக்டரியா? நமக்குத் தெரியாததெல்லாம் ரிஜெக்டா? வந்தது வந்த மாரியே போவட்டும், வுடு" என்றாய்.

"ரூல் தெரியாதவன் பேசாத."

"உன் ரூலு ஃபேக்டரி கேட்டோட முடிஞ்சிச்சி மாமா."

அதன்பின் ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கம் நான் வரவில்லை. அண்ணனூர் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்தும் வேறு பெட்டியில் ஏறினேன். அதுதான் உன் கடைசி மாதம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போன வாரம் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். கண்பார்வை குறைந்தவர்களுக்காக ஒரு வலைப்பக்கம் செய்கிறாராம். நிறங்களுக்கு அவரே சொந்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்; சிஎஸ்எஸ் இப்போது அதற்கு இடம் தருகிறது. நம் லைப்ரரி வழியாகப் போனதும் அந்த நிறங்கள் அத்தனையும் காணாமல் போயினவாம். "இதை இன்னும் யாராவது பார்த்துக்கொள்கிறீர்களா, இல்லை நான் வேறொன்றுக்கு மாறிவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

மூன்று நாள் பதில் போடவில்லை. உன் அக்காதான் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, போய்ச் சேந்தவங்கிட்டகூட வீம்பா? அவன் சொன்னத செஞ்சா உன் மீச இன்னா உதுந்துடுமா?"

நேற்றுக் காலை பட்டியலை அழித்தேன். பிறகு நீ வைத்த சோதனையைச் செய்தேன்: வரியை இணைகளாக்கு, இணைகளை மறுபடி வரியாக்கு, போனது அப்படியே திரும்ப வேண்டும். அந்த மனிதர் வைத்த பெயர்கள் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்தன. எத்தனை அழகான பெயர்கள், எத்திராஜ். ஒன்றுகூட எனக்குத் தெரிந்ததில்லை.

'பார்த்துக்கொள்கிறோம்' என்று அவருக்குப் பதில் போட்டேன். நான் ஒருவன்தான் என்று எழுத மனம் வரவில்லை.

புதிய பதிப்பின் குறிப்பில் முதல் வரி இது: 'எத்திராஜ் முன்பே சொன்னான்; நான்தான் கேட்கவில்லை.' எவன் வந்து சொன்னாலும் அந்த வரியை எடுக்க மாட்டேன். இனி எனக்குத் தெரியாதது எது வந்தாலும் போக வழிவிடுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் அக்காளைக் கட்டியவன்,
உன் பிடிவாதக்கார மாமா