எனக்கு முந்திப் போகிறவர்

அன்புள்ளவளுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

இங்கே நான் பார்த்துக்கொள்ளும் நோயாளி, ஓய்வுபெற்ற தபால்காரர், சாகக் கிடக்கிறார். ஆனால் கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர் மாதிரி தினமும் சவரம் செய்துவிடச் சொல்கிறார்.

நம் மகள் இறந்ததை அவரிடம் சொல்லியிருந்தேன். "பரலோகம் போனதும் முதல்ல உங்க பாப்பாவைத்தான் பாப்பேன் தம்பி. என்னன்னு கூப்பிட்டா திரும்புவா?" என்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது. பெற்றவன் நான் இங்கே படுக்கை விரித்துக்கொண்டிருக்க, இவர் முந்திக்கொண்டு போய் அவளைத் தூக்குவாராம்! ஞானஸ்நானப் பெயரை மட்டும் சொன்னேன். நாம் கூப்பிடும் செல்லப்பெயரை விழுங்கிவிட்டேன்.

ஆனால் அந்தப் பெரிய பெயருக்கு அவள் என்றைக்குத் திரும்பினாள்?

அவளுடைய போட்டோ ஒன்று அனுப்பு; என்னிடமிருப்பது மங்கிவிட்டது. செல்லப்பெயரைச் சொல்லிவிடட்டுமா? உடனே பதில் போடு. அவர் சவரம் முடிந்து தயாராகப் படுத்திருக்கிறார்.

உன் வீட்டுக்காரன்